உங்கள் ஊர்ச் சத்திரத்தின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, மோர் விற்றவர். பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே கடற்கரையை நோக்கிப் போகும் பழைய சேதுச் சாலையில், அதாவது இராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த சாலையில், எங்கள் ஊர் எல்லையில் ஒரு சத்திரம் இருந்தது. விடியற்காலையில் இரண்டு பானை மோரைக் கொண்டுபோய் அங்கே ஊற்றிவிட்டு, மடியில் அரிசி வாங்கிக்கொண்டு வருவார். நான் பிறந்தபோது அந்தச் சத்திரத்தின் அடுப்பு அணைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இடிந்த திண்ணையில் உட்கார்ந்து புளியங்காய் தின்றதுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

33 ஆண்டுகள் நில அளவராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, ஒரு நாள் அந்தச் சுவரில் சாலை விரிவாக்கத்துக்கான சிவப்புக் குறியைப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்த தேடல் நான்கு ஆண்டுகள் நீடித்தது. உங்கள் ஊரிலும் ஒரு சத்திரமோ, சாவடியோ, வெறும் அடித்தளமோ இருந்தால் அதே நான்கு ஆண்டுகளை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நான் கற்ற வழியை இங்கே எழுதுகிறேன்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் கட்டடத்திலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி முதல் ஆண்டை வீணாக்கினேன். கட்டடம் ஒரே முறை கட்டப்படுவது. தினமும் வருகிறவனுக்குச் சோறு போட வயல் வேண்டும். எந்த வயல், எத்தனை மா, யார் எழுதி வைத்தது, அந்த வயல் எப்போது கை மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் சத்திரத்தின் பிறப்பும் வாழ்வும் இறப்பும் கிடைத்துவிடும். அந்த வயலின் நெல் எப்போது சத்திரத்துக்கு வராமல் போனதோ, அதற்கடுத்த ஆண்டுகளில்தான் எங்கள் சத்திரத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது.

முதல் படி, கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் ‘அ’ பதிவேடு. சத்திரம் நிற்கும் இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, அதன் எதிரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சத்திரம்’ என்றே புறம்போக்கு வகையில் இருக்கலாம். தனியார் பட்டாவாக இருக்கலாம். அறக்கட்டளையின் பெயரும் இருக்கலாம். பழைய புல எண்ணுக்கான கலத்தை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளுக்கு முந்தைய உலகத்துக்குள் நுழைய அந்தப் பழைய எண்தான் சாவி. அதை வைத்துக்கொண்டு, நிலவரியை மறுபடி நிர்ணயித்தபோது எழுதிய மறுநிலவரித் திட்டப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கிருந்து இனாம் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

இனாம் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் வரியில்லாமல் விடப்பட்டிருந்த நிலங்களை எல்லாம் விசாரித்து முடிவுகட்ட, சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. கமிஷனின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், இந்த நிலத்தை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், இப்போது யார் அனுபவிக்கிறார், சொன்ன தருமம் நடக்கிறதா என்று கேட்டு எழுதினார்கள். அப்படித் தொகுக்கப்பட்ட பதிவேட்டில் உங்கள் சத்திரத்துக்கு ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும். ஒரு புத்தகத்துக்கு ஈடான வரி அது. எங்கள் சத்திரத்துக்கு அங்கே இருந்தது இரண்டு வேலி நிலம். ஒரு வேலி என்பது இருபது மா, ஏறக்குறைய ஆறரை ஏக்கர். பதின்மூன்று ஏக்கர் நன்செய் என்றால் அது சின்னச் சத்திரம்தான். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது, அப்பாயி மடியில் வாங்கி வந்த அரிசி எந்த மண்ணில் விளைந்தது என்று முதல் முறையாகத் தெரிந்தது. அன்று மாலையே அந்த வரப்பில் போய் நின்றேன்.

பதிவேட்டின் நகலைப் பெற, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதலாம். மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ‘அப்படிப்பட்ட பதிவேடு இல்லை’ என்று இரண்டு முறை பதில் வந்தது. மூன்றாவது முறை, கிராமத்தின் இன்றைய பெயரை விட்டுவிட்டு, பழைய வட்டத்தின் பெயர், கிராமத்தின் பழைய எண், பழைய எழுத்துக்கூட்டல் மூன்றையும் எழுதிக் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் நகல் வந்துவிட்டது. பழைய காகிதங்களைப் பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களும் இதையே கடைப்பிடியுங்கள். அங்கே ஆங்கிலக் கோப்புகளில் சத்திரத்தைச் ‘சட்ரம்’ என்றும் ‘சத்ரம்’ என்றும் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். சாவடி என்ற சொல்லைத் திரித்து ‘சோல்ட்ரி’ என்றும் எழுதினார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடினால்தான் முழுதும் கிடைக்கும்.

இன்னொன்று. 1963இல் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்பின் பல சத்திர நிலங்கள் ரயத்துவாரிப் பட்டாவுக்கு, அதாவது நிலம் வைத்திருப்பவரே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் பட்டாவுக்கு, மாறின. அதனால் 1963க்கு முன்னும் பின்னும் இருக்கும் பதிவுகளை அருகருகே வைத்துப் படியுங்கள். நிலம் இப்போது யாரிடம் இருக்கிறதோ அந்தக் குடும்பத்திடம் சண்டைக்குப் போகாதீர்கள். வரலாறு எழுத வந்தவன் நிலத்தைப் பிடுங்க வந்தவன் என்று ஊர் நினைத்துவிட்டால் அதற்குப்பின் ஒரு பாட்டியும் வாய் திறக்க மாட்டார். நான் ஒவ்வொரு வீட்டிலும் இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள்

தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரங்களுக்குப் பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயரை வைத்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம். இவற்றைச் சுற்றி எழுந்த ஊர்களுக்கும் யமுனாம்பாள்புரம், முக்தாம்பாள்புரம் என்று பெயர் இருந்தது. மக்கள் வாயில் அவை நிற்கவில்லை. ஆகவே உங்கள் ஊரின் பழைய பத்திரங்களில் இப்படி வழக்கொழிந்த ‘அம்பாள்புரம்’ ஏதேனும் வந்தால் அங்கே ஒரு சத்திரம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

கட்டடமே இல்லாத ஊரில் பெயர் மட்டும் காவல் இருக்கும். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, இராமநாதபுரம் சாலையில் சத்திரக்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடம். திருச்சியில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ‘சத்திரம் பஸ் ஸ்டாண்டு’ என்று டிக்கெட் கேட்கிறார்கள். எந்தச் சத்திரம் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். வயல்களுக்கு உள்ளூரில் வழங்கும் பெயர்களையும் விடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு வயலுக்கு ‘மணியத்துப் பங்கு’ என்று பெயர். சத்திரத்தை நிர்வகித்த மணியக்காரருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலம் அது என்று பதிவேடு பார்த்த பிறகே புரிந்தது.

கிணற்றையும் அடுப்பையும் பாருங்கள்

கட்டடத்துக்குப் போகும்போது அளவு நாடா, கட்டம் போட்ட தாள், டார்ச் விளக்கு, மெல்லிய தூரிகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தரைப்படத்தையும் அளந்து வரையுங்கள்: திண்ணை, ஆளோடி, முற்றம், தாழ்வாரம், அறைகள், பின்கட்டு. செங்கல்லின் நீளம், அகலம், கனத்தைக் குறியுங்கள். பழைய சுவரில் செங்கல் மெல்லியதாகவும், சுண்ணாம்புக் காரை செங்கல் அளவுக்கே தடிமனாகவும் இருக்கும். பின்னாளில் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தானே தெரியும்.

முதலில் அடுக்களையைத் தேடுங்கள். உத்திரத்திலும் சுவரின் மேல் பாதியிலும் பல முறை வெள்ளையடித்த பிறகும் கரி கசிந்து கறுத்திருக்கும். கறுப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அவ்வளவு பெரிய சமையல் அங்கே நடந்தது. எங்கள் சத்திரத்தில் இரண்டு அடுக்களைகள் இருந்தன, இரண்டுக்கும் நடுவே கதவில்லாத சுவர். ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். யார் சமைத்ததை யார் உண்பது என்ற சாதிக் கணக்கு அந்தச் சுவரில் இருக்கிறது. முற்றத்துக்குள் வரலாம் என்று யாருக்கு இருந்தது, வெளித் திண்ணையோடு நின்றவர் யார், மரத்தடியில் இலை போடப்பட்டவர் யார் என்பதைத் தரைப்படத்திலேயே எழுதிவையுங்கள். அதை மறைத்து எழுதினால் அங்கே பசியோடு வந்து வெளியே நின்றவருக்கு இரண்டாம் முறை அநியாயம் செய்ததாகும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பகுதி கடலுக்குப் பக்கம். பத்தடி தோண்டினால் உவர்நீர் வரும். ஆனால் சத்திரத்துக் கிணறு இனிப்பு. இன்றைக்கும் கோடையில் மூன்று தெருக்காரர்கள் அங்கேதான் குடம் வைக்கிறார்கள். அந்தக் கிணறு பழைய மணல்மேட்டின் மேல் தோண்டப்பட்டது. மேட்டில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் இனிக்கும், மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; நாக்கில் வைத்துப் பார்த்தே முடிவு செய்திருப்பார். ஆகவே ஊரின் எல்லாக் கிணறுகளையும் சுவைத்துப் பாருங்கள். சத்திரம் ஏன் சாலையின் இந்தப் பக்கத்தில், இந்த வளைவில் இருக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கயிறு தேய்த்த பள்ளங்கள், அருகில் மாடுகளுக்கான கல்தொட்டி, குளத்தின் படிக்கட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

சாலையோரத்தில் இரண்டு கல் தூண்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருந்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர் யார் துணையும் இல்லாமல் இறக்கிவைத்து ஏற்றிக்கொள்வதற்கானது. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. பல சுமைதாங்கிகளில் அந்தப் பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். சத்திரத்தின் வரலாற்றில் அவளையும் சேருங்கள்.

கல்லில் இருக்கும் ஆண்டைப் படிப்பது

கல்லைத் தண்ணீராலும் தூரிகையாலும் மட்டும் துடையுங்கள். அமிலம், இரும்புத் தூரிகை, சாக்கட்டி எதுவும் வேண்டாம். இரவில் போய் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத எழுத்தும் எழுந்து நிற்கும். எழுத்தைத் தாளில் ஒற்றிப் படியெடுக்கும் வேலையைத் தொல்லியல் துறையினருக்கு விட்டுவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சக ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டுங்கள். பசலியோடு (வருவாய்க் கணக்குக்கான ஆண்டு அது) 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1271 என்றால் 1861 ஜூலையிலிருந்து 1862 ஜூன் வரை. ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். எங்கள் கிணற்றுக் கல்லில் ‘தாது வருஷம் தை மாதம்’ என்று இருக்கிறது. தாது என்றதும் ஊரில் எல்லோருக்கும் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வந்தது. பஞ்சத்தில் வெட்டிய கிணறு என்று ஒரு கதையே வளர்ந்திருந்தது, நானும் நம்பினேன். ஆனால் 1816உம் தாது, 1936உம் தாது. கல்லில் நாளும் கிழமையும் சேர்ந்து இருந்ததால் பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட முடிந்தது. கிழமை பொருந்தியது 1937 தை மாதத்தோடுதான். கிணறு அதற்கு மிக முந்தையது. அந்தக் கல், கைப்பிடிச் சுவரைப் புதுப்பித்தபோது வைத்தது. ஊர்க்கதையை உடைக்க வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சாலையே மிகப் பழையது என்று எண்ண இடமிருந்தால் சத்திரத்துக்கு வெளியேயும் தேடுங்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுதி, எழுத்து அறியாதவர் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் இட்டிருக்கிறார்கள். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து. வழிப்போக்கரை நினைத்து வேலை செய்த அந்தக் கல்தச்சரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அரண்மனைக் காகிதங்கள்

தஞ்சைப் பகுதிச் சத்திரமாக இருந்தால் மோடி ஆவணங்கள் உண்டு. மோடி என்பது மராட்டியை வேகமாக எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து. சரசுவதி மகால் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

1801இல் இரண்டாம் சரபோஜி, தஞ்சையிலிருந்த ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்குச் சத்திரங்களைக் காப்பாற்றக் கோரி எழுதிய கடிதத்தைத் தவறாமல் படியுங்கள். இராமேசுவரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி நான் பார்த்ததில்லை. எல்லாச் சாதியாருக்கும் சோறு. சமைத்ததை ஏற்காதவருக்கு அரிசியும் பலசரக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருத்துவர், பிள்ளைகளுக்குப் பால், வழியில் வலி கண்ட பெண்ணுக்குப் பேறுகால உதவி, இறந்தவருக்கு அவரவர் முறைப்படி அடக்கம். உதவி கேட்டு எழுதிய கடிதம் என்பதால் குறைகளை அதில் எதிர்பார்க்க முடியாது. எங்கள் அடுக்களைச் சுவரையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் அந்த நள்ளிரவு மணி பொய்யில்லை என்று நம்புகிறேன். அப்பாயி காலத்திலும் எங்கள் சத்திரத்தில் மணி இருந்தது.

1855இல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. 1871இன் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பின் பல சத்திரங்கள் உள்ளூர் வாரியங்களின் கைக்குப் போயின. 1884க்குப் பிறகு மாவட்ட போர்டும் தாலுகா போர்டும் வந்தன. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அரண்மனைக் காகிதத்தை விட்டுவிட்டு போர்டுகளின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடுங்கள். ஓடு மாற்றியது, சமையற்காரர் சம்பளம், அரிசி அளவைக் குறைத்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். தஞ்சாவூர் மாவட்ட போர்டு தன் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையும் போட்டது. 1894இல் வண்டி ஓடியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம் என்றாயிற்று. நடந்து போகிறவர் குறைந்தார்கள், சேதுச் சாலைச் சத்திரங்களில் இலை எண்ணிக்கையும் குறைந்தது. சத்திரத்தைப் பராமரித்த போர்டே அதை வெறுமையாக்கிய ரயிலையும் கொண்டுவந்தது என்பது என்னை நெடுநாள் உறுத்தியது. யார்மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை.

பாட்டிகளிடம் கேட்கும் முறை

‘சத்திரத்தின் வரலாறு தெரியுமா?’ என்று கேட்டால் ‘எனக்கு என்ன தெரியும், பெரியவர்களைக் கேளுங்கள்’ என்ற பதில்தான் வரும். நான் கேட்டது இப்படி: “ஆத்தா, சத்திரத்துக்கு விறகு யார் கொண்டுவருவார்கள்?” தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “என் மாமனார்தான் தம்பி. சவுக்கு விறகு. ஈர விறகு கொண்டுவந்தால் தவசிப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார்.” தவசிப்பிள்ளை என்றால் சமையற்காரர். அந்த ஒரு கேள்வியிலிருந்து இரண்டு மணி நேரம் பேசினார். இலை தைத்தவர், பாத்திரம் துலக்கியவர், மாட்டுக்கு வைக்கோல் போட்டவர், இறந்த வழிப்போக்கரைச் சுமந்தவர் என்று வேலை வேலையாகக் கேளுங்கள். ஆவணத்தில் வராதவர்கள் இவர்கள்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒட்டிப் பாருங்கள். இருவர் மாறிச் சொன்னால் இரண்டையும் எழுதிவையுங்கள்.

ஒரு முறை நடந்து பாருங்கள்

பக்கத்துச் சத்திரம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து திருப்தி அடையாதீர்கள். நான் மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு நடந்தேன். பத்து மைல். ஒன்பதரை மணிக்கு, வெயில் உச்சந்தலையில் இறங்கத் தொடங்கும் நேரத்தில், அடுத்த சத்திரம் இருந்த மேடு தெரிந்தது. கால் வலித்த இடத்தில் சுமைதாங்கி இருந்தது. தாகம் எடுத்த இடத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் மேடை என்று பெயர் இருந்தது. காகிதத்தில் மூன்று ஆண்டு தேடியதற்கு இணையாக அந்த ஐந்தரை மணி நேரத்தில் கற்றேன்.

எழுதி முடித்த பிறகு

ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: கல், பதிவேடு, பாட்டி, என் ஊகம். நான்கையும் கலக்காதீர்கள். நான் நான்கு நிற மையால் எழுதினேன். நகல்களில் ஒன்றை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்துக்கும், ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தேன். தரைப்படத்தின் நகலோடு சாலைப் பணியைக் கவனிக்கும் அதிகாரிகளிடம் மனுவும் கொடுத்தேன். முன்திண்ணை போய்விட்டது. பின்கட்டும் கிணறும் அளவுக் கோட்டுக்கு ஏழடி உள்ளே இருப்பதால் தப்பின.

கிணற்றுக்கு மோட்டார் வைக்க வேண்டாம் என்று ஊராட்சியில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.